எச்சரித்தோம் என்பது விடையாகாது

மலையகத்தில் மண் சரியும் ஒவ்வொரு முறையும் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கின்றன: ‘இயற்கை அனர்த்தம்’. உடல்கள் தோண்டி எடுக்கப்படுவதற்கு முன்பே அமைச்சர்களின் அனுதாபச் செய்திகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் அவை ஏறி அமர்ந்துவிடும். பல்லாண்டு பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொறுப்பாளி யாரென்று தேட வேண்டாம் என வாசகரிடம் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி தமிழில் கிடையாது. மழைக்கு விலாசம் இல்லை. அதற்கு யாரும் அழைப்பாணை அனுப்ப முடியாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களில் மண்சரிவுகளே பெருமளவில் உயிர்களைக் குடித்தன. பெய்த மழை அசாதாரணமானது என்பதை மறுக்கவில்லை. மழை எங்கே, எவ்வளவு பெய்யும் என்பது மனிதன் கையில் இல்லைதான். ஆயினும் மழை நனைக்கும் சரிவின் அடியில் யார் உறங்குவது என்பதை மனிதன்தான் தீர்மானிக்கிறான். தோட்டங்களைப் பொறுத்தவரை அந்தத் தீர்மானத்தை உறங்குபவன் எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்தார்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையை அண்டிய அந்தத் தோட்டப் பிரிவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயன்களை மூடியது. இறந்தோரும் காணாமற் போனோருமாக 37 பேர் என்று கணக்கு முடிக்கப்பட்டது. காணாமற் போனவர்கள் எங்கும் போய்விடவில்லை; அதே மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அவ்விடம் குடியிருப்புக்கு உகந்ததன்று, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மரணத்துக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும் காலம் அது.

இந்த ஒன்பது ஆண்டுகளுக்கு என்ன விளக்கம் தரப்பட்டது? “சொன்னோம், அவர்கள் போகவில்லை.” இதுதான். இன்றும் ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் இதே வாக்கியத்தைக் கேட்கிறோம். இந்த வாக்கியத்தைத்தான் நான் இங்கே எதிர்க்கிறேன். இது பாதிக்கப்பட்டவனைப் பொறுப்பாளி ஆக்குகிறது. எச்சரித்தவன் கையைக் கழுவிக்கொள்கிறான். எச்சரிக்கப்பட்டவன் பிணமாகவும் குற்றவாளியாகவும் ஒரே நேரத்தில் மாறுகிறான்.

இதன் பொய்மையைக் காண நம் மலைகளை விட்டுச் சற்றுத் தூரம் போக வேண்டும். மலையகத்தில் இல்லாத ஒரு தொழில் இவ்விடயத்தில் நமக்குப் பாடம் சொல்கிறது. பெருஞ்சுரங்கங்களின் கழிவு அணைகளைக் கட்டும் தொழில் அது.

இரும்போ செம்போ தங்கமோ, தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சுவது மாவைப் போன்ற நுண்துகளும் நீரும் கலந்த சேறு. மலைபோல் குவியும் இச்சேற்றைப் பள்ளத்தாக்குகளில் அணை கட்டித் தேக்குகிறார்கள். நீர்த்தேக்கத்தின் அணை ஒரே தடவையில் கட்டி முடிக்கப்படுகிறது. கழிவு அணையோ சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் கட்டம் கட்டமாக உயர்ந்துகொண்டே போகும். செலவைக் குறைக்க விரும்புவோர், முன்னர் கொட்டிக் காய்ந்த சேற்றின் மேலேயே அடுத்த கரையை எழுப்புவார்கள். அதாவது அணையின் அத்திவாரமே கழிவுதான். உள்ளே நீர் ஏறித் துகள்களுக்கிடையில் அழுத்தம் மிகுந்தால், அதுவரை திடமாக நின்ற மண் நொடிப்பொழுதில் குழம்பாகிப் பாயும். மலைச்சரிவு சரிவதிலும் நீரின் வேலை இதுதான். மண்ணுக்குள் புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும் நீர், மண்ணின் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. பொறியியலாளருக்கு இரண்டும் உறவுக்காரப் பிரச்சினைகள்.

பிரேசில் நாட்டின் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25ஆம் திகதி மதிய நேரத்தில் இப்படியான ஓர் அணை உடைந்தது. வாலே என்னும் பெருங்கம்பனியின் இரும்புச் சுரங்க அணை அது. உயரம் 86 மீற்றர். 270 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அச்சுரங்கத்தின் தொழிலாளர்கள். தொழிலாளரின் உணவுச்சாலையும் நிர்வாக அலுவலகமும் அணைக்கு நேர் கீழே, சேறு பாயும் வழியில் அமைந்திருந்தன. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. அணை உறுதியாக இருக்கிறது என்று, உடைவதற்குச் சில மாதங்கள் முன்னர், 2018 செப்டெம்பரில், ஜேர்மனியைத் தலைமையகமாகக் கொண்ட ஓர் ஆய்வு நிறுவனம் சான்றிதழ் வழங்கியிருந்தது. தாளில் எல்லாமே ஒழுங்காக இருந்தன. அதற்கு மூன்றாண்டுகளே முந்தி, 2015 நவம்பர் 5ஆம் திகதி, அதே மாநிலத்தின் மரியானாப் பகுதியில், அதே வாலே பங்காளியாக இருந்த இன்னொரு சுரங்கத்தின் அணை உடைந்து 19 பேர் இறந்திருந்தனர்.

அணையின் உயரம், சரிவின் கோணம், வடிகாலின் அளவு இவைதாம் வடிவமைப்பு என்று நாம் எண்ணுகிறோம். உணவுச்சாலையை எங்கே வைப்பது என்பதும் வடிவமைப்புத்தான். அணை உடையக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பின்பும் மனிதர்களை அதன் அடியில் உட்காரவைத்தது வானத்திலிருந்து இறங்கிய விதி அன்று. ஒரு மேசையில் வரைபடத்தை விரித்து எடுத்த முடிவு.

‘இயற்கை’ என்ற போர்வையை அங்கும் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். 1972இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டபோது, சுரங்கக் கம்பனி அதைக் ‘கடவுளின் செயல்’ என்றது. கடவுள் அங்கே கழிவைக் கொட்டியதை யாரும் கண்டதில்லை.

நம் மக்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், நம்மை ஆண்ட பிரித்தானியாவிலேயே இருக்கிறது. வேல்ஸ் பிரதேசத்தின் அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்துக்கு மேலே, மலை உச்சியில், நிலக்கரிக் கழிவைக் குவித்து வைத்திருந்தார்கள். அரசுக்குச் சொந்தமான தேசிய நிலக்கரிச் சபையின் ஏழாம் இலக்கக் குவியல் ஓர் ஊற்றின் மேலே எழுப்பப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் பின்னால் கொட்டப்படும் கழிவுச் சேறு ஆபத்தானது என்று உள்ளூராட்சிப் பொறியியலாளர் 1963இலேயே கடிதம் எழுதினார். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை, வகுப்புகள் தொடங்கிய வேளையில், குவியல் சரிந்து பாடசாலை மீது விழுந்தது. இறந்தோர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். குவியலுக்கு அடியில் ஊற்று இருந்தது எவருக்கும் தெரியாது என்றார் சபையின் தலைவர். அந்த ஊற்று வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. ஊரார் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

விசாரணை மன்றம் பழியைச் சபையின் மீதே சுமத்தியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்காக, இறந்த குழந்தைகளின் பெயரில் உலகம் அனுப்பிய அனுதாப நிதியிலிருந்தே 150,000 பவுணை எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தை உண்டாக்கியவனின் கடனைப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் தலையில் கட்டினார்கள். அப்பணம் 1997இல்தான், அதுவும் வட்டியின்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. எனினும் 1969இல் சுரங்கக் குவியல்களின் பாதுகாப்பைச் சட்டபூர்வக் கடமையாக்கும் தனிச் சட்டம் ஒன்றை அந்நாடு இயற்றிற்று. குவியலின் உடைமையாளனே அதன் உறுதிக்குப் பொறுப்பு என்று ஆயிற்று. அபர்வானின் தாய்மாருக்கு மிஞ்சிய ஒரே வெற்றி அது.

புருமாதின்யோவுக்குப் பின்னர் உலகச் சுரங்கத் தொழிலும் அசைந்துகொடுத்தது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் சுரங்கக் கம்பனிகளின் சங்கமும் முதலீட்டாளர் அமைப்பும் சேர்ந்து 2020 ஓகஸ்டில் கழிவு அணைகளுக்கான உலகளாவிய நியமம் ஒன்றை வெளியிட்டன. அதில் மூன்று விடயங்கள் நமக்கு முக்கியம். முதலாவது, அணையை அதன் உயரத்தால் மட்டும் அளக்காமல், உடைந்தால் கீழே எத்தனை பேர் சாவார்கள் என்பதைக் கொண்டு தரம் பிரிக்க வேண்டும். இரண்டாவது, கம்பனியின் உயர்மட்டத்தில் ஒருவர் பெயர் குறித்துப் பொறுப்பாளியாக நியமிக்கப்பட வேண்டும். அவர் தம் பொறுப்பைக் கீழே தள்ளிவிட முடியாது. மூன்றாவது, கட்டியவரைச் சாராத நிபுணர்கள் இடைவிடாது மீளாய்வு செய்ய வேண்டும். இந்நியமம் நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று, இதற்குப் போதிய பல்லில்லை என்று குறைகூறுவோர் உளர். அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆயினும் யார் கீழே இருக்கிறார், யார் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கிறார், யார் சுதந்திரமாகப் பார்த்துச் சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளும் அங்கே எழுதிவைக்கப்பட்டுவிட்டன.

இப்போது ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் திரும்புவோம். இம்மூன்று கேள்விகளையும் ஒரு லயனின் வாசலில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

யார் கீழே இருக்கிறார்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தொழிலாளர் குடும்பங்கள். லயன்கள் எழுந்த இடங்களை அம்மக்கள் தெரிவு செய்யவில்லை. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காட்டை அழித்தவர்கள், தேயிலை விளையாத மூலையிலோ வேலைத்தலத்துக்கு அண்மையிலோ லயனைக் கட்டினார்கள். காற்றோட்டமுள்ள மேட்டில் துரையின் பங்களா, பள்ளத்தில் லயன். புருமாதின்யோவின் உணவுச்சாலையை அங்கே வைத்த அதே கைதான், வேறொரு நூற்றாண்டில், இவற்றையும் இங்கே வைத்தது.

யார் பொறுப்பாளி? இங்கேதான் நம் நாட்டின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. 1970களில் தேசியமயமாக்கப்பட்டதால் நிலம் அரசுக்குச் சொந்தம். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. நிலம் அவர்களுக்குக் குத்தகை. பிரதேச சபையைக் கேட்டால், தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை என்று 2018இல் திருத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கும். அகற்ற அதற்கு அதிகாரமில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தால் வந்த நிலையம் அறிவித்தலைப் பரப்பும், காணி வழங்காது. தொழிற்சங்கம் பேச்சுவார்த்தை நடத்தும். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்கிறார்கள். எல்லாருடைய கடமையும் முடிந்த இடத்தில் மலை சரிகிறது.

யார் பார்த்துச் சொல்கிறார்? இதற்கு மட்டும் நம்மிடம் ஓரளவு நல்ல விடை உண்டு. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1990களிலிருந்து மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. உடனே வெளியேற வேண்டும். அவர்களின் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் சிவப்பு எச்சரிக்கை நள்ளிரவில் வருகிறது. வெளியேறி எங்கே போவது? கோயிலும் பாடசாலையும் அதே சரிவில்தான் இருக்கின்றன. மழை விட்டதும் அதே லயனுக்குத்தான் திரும்ப வேண்டும். அடுத்த மாதம் மீண்டும் சிவப்பு. ஒரு குடும்பம் வாழ்நாளில் எத்தனை தடவை பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியும்? போக இடமில்லாதவனிடம் சொல்லும் “போ” என்ற சொல் எச்சரிக்கை ஆகாது. அது சொல்பவனுக்கான காப்புறுதி.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீட்டை வாசகர் முன் வைக்கிறேன். இதே மலைகளில் காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. இந்த அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளக்கிறார்கள். வான்கதவு திறப்பதற்குப் பொறுப்பான அதிகாரி இருக்கிறார். திறக்குமுன் கீழே வாழ்வோருக்கு அறிவிக்கிறார்கள். நல்லது. தேக்கிய நீருக்கு மின்சாரமாய் ஒரு விலை இருக்கிறது. அதனால் அதைக் காக்க ஒரு மனிதர் இருக்கிறார். அதே நீர் தேயிலை மலைக்குள் ஊறி, லயனுக்குப் பின்னால் மண்ணுக்குள் தேங்கும்போது அதை அளக்க யார் இருக்கிறார்? அந்தச் சரிவுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரைத் தோட்டத்தில் எவராவது சொல்வார்களா?

கான் வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடித் தப்பச் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, ஆண்டுதோறும் தூர்வாரி வைப்பது தோட்டத் தொழிலின் பழைய பாடம். கழிவு அணைக்கு உள்வடிகால் எப்படியோ மலைக்குக் கான் அப்படி. தொழிலாளர் தொகை சுருங்கிச் செலவும் சுருக்கப்படும்போது கொழுந்து தராத வேலைகளே முதலில் கைவிடப்படுகின்றன. கான் கொழுந்து தராது. அது தருவது உயிர். உயிருக்கு ஐந்தொகையில் நிரல் கிடையாது.

மறுதரப்பின் நியாயங்களையும் பார்ப்போம். “மக்களே போக மறுக்கிறார்கள்” என்கிறார்கள். சில இடங்களில் உண்மை. வேலைத்தலம், பிள்ளைகளின் பாடசாலை, காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லாமை, உறுதி இல்லாத காணி, தோட்டத்தை விட்டால் வேலையும் போகும் என்ற அச்சம் எல்லாம் சேர்ந்துதான் அந்த மறுப்பு. லயன் அறை வேலையோடு கட்டப்பட்டது. அதை விட்டவனுக்கு வேறு நிழல் இல்லை. தன் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவன் ‘மறுக்கிறான்’ என்று சொல்வது மொழிக்கே செய்யும் அநியாயம்.

“செலவுக்கு எங்கே போவது?” என்கிறார்கள். மீரியபெத்தைக்குப் பின்னர் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டி 2016இல் கையளித்தார்கள். சாவுக்குப் பின் இரண்டாண்டில் முடிந்த காரியம் சாவுக்கு முன் ஒன்பதாண்டில் ஏன் முடியவில்லை? பணத்துக்கும் நிலத்துக்கும் இதில் பங்கில்லை. பிணம் விழும்வரை அவசரம் பிறப்பதில்லை என்பதே காரணம். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் நின்று மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார், வரவேற்றோம். வெளிநாட்டு உதவி வரலாம், போகலாம். ஆனால் சரிவின் உடைமையாளனுக்குள்ள கடமையை அயல்நாட்டின் தயவு தீர்த்துவைக்காது. அபர்வானில் அனுதாப நிதியில் கைவைத்ததும் இத்தகைய மனப்பாங்குதான்.

“நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை” என்கிறார்கள். மனித உயிர் மிகுதியாகப் பலியாகக்கூடிய கழிவு அணை பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தையும் தாங்க வேண்டும் என்று 2020இன் நியமம் கேட்கிறது. கழிவுச் சேற்றைத் தாங்கும் கரைக்குப் பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு. மனிதர் உறங்கும் லயனுக்கு அடுத்த பருவமழைவரை கணக்கு.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் எதுவுமில்லை. சிவப்பு வலயத்திலுள்ள ஒவ்வொரு லயனுக்கும் இலக்கமிட்டு, அங்கே வாழ்வோரின் தொகையோடு பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்த வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் கம்பனியின் பணிப்பாளர் ஒருவரும் அரசின் அதிகாரி ஒருவரும் பெயர் குறித்துப் பொறுப்பேற்க வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் “அகற்றுக” என்று எழுதினால், காலக்கெடுவுக்குள் உறுதியோடு கூடிய பாதுகாப்பான காணியை விடுவிப்பது சட்டக் கடமையாக வேண்டும். கெடு தவறினால் அந்தப் பெயர்கள் நீதிமன்றத்தில் விடை சொல்ல வேண்டும். குத்தகை ஒப்பந்தங்களில் கான் பராமரிப்பு ஒரு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். புருமாதின்யோவுக்காக 2020இல் 16 பேர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், 270 மரணங்களுக்குப் பின்னால் மனிதப் பெயர்கள் உண்டு என்பதையாவது ஒரு நாடு ஏட்டில் எழுதிற்று. மீரியபெத்தைக்கு நம் ஏட்டில் எழுதப்பட்டது மழையின் அளவு.

புலம்பெயர்ந்து வாழும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மண்சரிவு என்றதும் போர்வையும் அரிசியும் அனுப்ப நீங்கள் தவறியதில்லை. இனிமேல் அவற்றோடு ஒரு கேள்வியையும் அனுப்புங்கள். உங்கள் நாட்டுக் கடைகளில் இலங்கைத் தேயிலையை விற்போரிடம் கேளுங்கள்: இக்கொழுந்தைப் பறித்தவர் எந்தச் சரிவின் அடியில் உறங்குகிறார்? அச்சரிவுக்குப் பொறுப்பானவரின் பெயர் என்ன? சுரங்கக் கம்பனிகளிடம் இக்கேள்விகளை முதலில் உரத்துக் கேட்டவர்களில் அவற்றின் முதலீட்டாளரும் இருந்தார்கள். பெயர்கள் அதன் பின்னர்தான் வெளிவரத் தொடங்கின.

அடுத்த பருவமழைக்கு மாதங்களே இருக்கின்றன. எச்சரிக்கைகள் தவறாமல் வரும், மூன்று நிறங்களிலும் மூன்று மொழிகளிலும். எச்சரித்தவர்கள் எச்சரித்தோம் என்று கோப்பில் பதிந்துகொள்வார்கள். அந்தக் கோப்பின் அட்டையில் ஒரு மனிதனின் பெயர் எழுதப்படும் நாள்வரை, சரிந்து விழும் ஒவ்வொரு மலையும் இயற்கையின் கணக்கிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.